எவர்சில்வர் தகட்டில் நானோ அலைவரி பதிப்பது எப்படி: ஃபெம்டோ நொடி லேசருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு ஒவ்வொரு பிப்ரவரியிலும் புது மாணவர்கள் வருகிறார்கள். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பிள்ளைகள் சிலர், தமிழ்நாட்டிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வந்தவர்கள் சிலர். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதலில் லேசரைத் தகட்டில் அடித்துப் பார்த்துவிடுவோம், அளப்பதை அப்புறம் வைத்துக்கொள்வோம் என்று நினைக்கிறார்கள். சாயங்காலம் கையில் ஒரு கறுத்த தகடு இருக்கும். எவ்வளவு ஆற்றல் பட்டது, ஒரே இடத்தில் எத்தனை ஒளித் துடிப்பு விழுந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. அந்தத் தகட்டால் பயனில்லை, ஏனென்றால் நாளைக்கு அதையே மறுபடி செய்ய முடியாது.

இந்த வழிகாட்டியில் நாம் செய்யப்போவது ஒரே ஒரு வேலை: 10 மி.மீ. சதுர எவர்சில்வர் தகட்டின் மேல், ஏறத்தாழ 900 நானோமீட்டர் இடைவெளியில் ஒழுங்கான அலைவரிகளைப் பதிப்பது. கணக்குகளுக்கு நான் எடுத்துக்கொண்ட லேசர் 1030 நானோமீட்டர் அலைநீளம், 200 ஃபெம்டோ நொடி (நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோ நொடி) நீளத் துடிப்பு, நொடிக்கு 1 லட்சம் துடிப்பு உள்ளது. உங்களுடையது வேறாக இருந்தால் எண்கள் மாறும். வேலையின் வரிசை மாறாது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரிகளை நாம் ஒவ்வொன்றாகக் கீறுவதில்லை. வந்து விழும் ஒளியும், மேற்பரப்பில் சிதறி அதன் மேலேயே ஓடும் அலையும் ஒன்றோடொன்று குறுக்கிடுகின்றன. அதனால் ஆற்றல் பட்டை பட்டையாக உறிஞ்சப்பட்டு, வரிகள் தாமாக எழுகின்றன. டொங்காட் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தை மேட்டில் நின்று பார்த்தால் பார் பாராகத் தெரியுமே, அந்த மாதிரி. நம் கையில் இருப்பவை மூன்றே: ஆற்றல் செறிவு (ஒரு சதுர செ.மீ.க்கு எவ்வளவு ஆற்றல் என்பது), ஒரே இடத்தில் விழும் துடிப்பு எண்ணிக்கை, ஒளியின் தளவிளைவுத் திசை (அதன் மின்புலம் அசையும் திசை). கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த மூன்றையும் உறுதியாகத் தெரிந்துகொள்வதற்கானவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

லேசரும், கற்றையைத் தகட்டின் மேல் ஓட்டும் ஸ்கேனரும் எப்படியும் இருக்கும். பலர் மறப்பது சின்னச் சாமான்களைத்தான். ஒளியின் தளவிளைவைத் திருப்பும் அரை அலைத் தகடு இரண்டு வேண்டும்: ஒன்று, ஒரே திசைத் தளவிளைவை மட்டும் விடும் ஒரு போலரைசரோடு சேர்ந்து ஆற்றலைக் கூட்டிக் குறைக்க, இன்னொன்று, தளவிளைவைத் திருப்ப. வெப்பவகை பவர் மீட்டர், உயரத்தை 10 மைக்ரோமீட்டர் துல்லியத்தில் மாற்றக்கூடிய மேடை, அளவுகோல் சரிபார்த்த ஒளி நுண்ணோக்கி, நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி போட்ட புகை உறிஞ்சி, ஒரு சிலிக்கான் வேஃபர் துண்டு ஆகியவையும் வேண்டும். சிலிக்கான் எதற்கு என்பது 8ஆம் படியில் வரும்.

தகட்டுக்குப் பெரிய செலவு செய்ய வேண்டாம். ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டைப் பக்கம் இரும்புக் கடைகளில் 304 ரக எவர்சில்வர் வெட்டுத்துண்டு கேட்டுப் பாருங்கள். குறைந்தது 20 துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தகட்டிலிருந்து வெட்டியதாக இருக்கட்டும். பாதி வழியில் உலோகம் மாறினால் சோதனையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

உங்களிடம் லேசரே இல்லை என்றால், பிரிட்டோரியாவில் தென்னாப்பிரிக்க அறிவியல், தொழில் ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். வளாகத்திலும் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்திலும் இந்தத் துறையில் பல ஆண்டுகளாக வேலை செய்யும் குழுக்கள் இருக்கின்றன. அங்கே நேரம் கேட்டுப் போவதானால், 3ஆம் படியை இங்கேயே முடித்து, பளபளப்பான தகடுகளோடு போங்கள். கிடைக்கும் நேரத்தில் ஒரு மணியைக்கூட உப்புத்தாளில் தேய்ப்பதில் கழிக்காதீர்கள்.

2. கண், கை, மூச்சு

1030 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒளிக்கு இமை மூடாது, தலை திரும்பாது. பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்ததும் அதில் எழுதியிருக்கும் அலைநீளத்தை வாய்விட்டுப் படியுங்கள். அலைநீளத்தைப் பாதியாக்கி 515இல் வேலை செய்யும் நாளில் 1030க்கு மட்டுமான கண்ணாடி உதவாது. இரண்டையும் தடுப்பது தனியாக வேண்டும்.

வளையல், காப்பு, மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றி வையுங்கள். கற்றைக்குள் கை போனால் அவை கண்ணாடி போலத் திருப்பி அடிக்கும், அது யார் கண்ணுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. கீழே விழுந்த திருகாணியை எடுக்கக் குனியும் முன் ஷட்டரை மூடுங்கள். குனிந்து நிமிரும்போது கண் சரியாகக் கற்றையின் உயரத்தைக் கடக்கிறது. இந்த ஒரு பழக்கத்துக்காக நான் மாணவர்களை உரக்கவே கண்டித்திருக்கிறேன், இனியும் கண்டிப்பேன்.

உலோகத்திலிருந்து கிளம்பும் துகள்கள் நானோ அளவிலானவை. நுரையீரலின் அடிவரை போகும். புகை உறிஞ்சி ஓடாமல் ஒரு கோடுகூடப் போட வேண்டாம். இன்னொன்று: ஒளியின் உச்ச அடர்த்தி சதுர செ.மீ.க்கு 10¹³ வாட்டைத் தாண்டத் தொடங்கினால் உலோகத்திலிருந்து எக்ஸ்-கதிர் வரலாம். நம் அலைவரிகளுக்கு ஏறத்தாழ 10¹² போதும், ஆகவே கவலையில்லை. ஆனால் ஆர்வத்தில் ஆற்றலை ஏற்றிக்கொண்டே போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

3. தகட்டைத் தயார் செய்தல்

உப்புத்தாள் 320, 600, 1200, 2400 என்ற வரிசை. ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை 90 பாகை திருப்புங்கள். முந்தைய தாளின் கீறல் முழுக்க மறைந்ததா என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். தாள் மாற்றும்போதெல்லாம் தகட்டையும் கையையும் கழுவுங்கள். பழைய தாளின் ஒரே ஒரு மணல் ஒட்டிக்கொண்டால் போதும், அடுத்த தாளின் வேலை முழுக்கக் கெடும். பிறகு 3 மைக்ரோமீட்டர் வைரப் பசை, அதன் பின் 1 மைக்ரோமீட்டர்.

இவ்வளவு எதற்கு என்று கேட்பார்கள். மேற்பரப்பு அலை கீறலில்தான் பிறக்கிறது. நீளமான கீறல் ஒரு திசையில் ஓடினால், அலைவரிகள் அதை ஒட்டி வளைந்தும் முறிந்தும் வரும். அப்புறம் அந்தக் கோளாறு லேசரால் வந்ததா, உப்புத்தாளால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. சராசரிச் சொரசொரப்பு 50 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம்.

கண்ணாடிப் பளபளப்பில் பிளாஸ்டிக் படலம் ஒட்டி விற்கும் தகடும் கிடைக்கும். அதை வாங்கினால் தேய்க்கும் வேலை மிச்சம். ஆனால் படலத்தின் பசை கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும், அசிட்டோனில் கழுவாமல் விடாதீர்கள்.

கழுவும் வரிசை: அல்ட்ராசோனிக் தொட்டியில் அசிட்டோன் 10 நிமிடம், எடுத்து ஈரம் காயும் முன் எத்தனால் 10 நிமிடம், பிறகு நைட்ரஜன் ஊதிக் காயவைத்தல். அசிட்டோன் தானாகக் காய்ந்தால் கறை விட்டுப்போகும். அதனால்தான் ஈரத்தோடு மாற்றச் சொல்கிறேன். கடைசியாகத் தகட்டின் ஒரு மூலையில் பின்பக்கமாக ஒரு அம்புக்குறி கீறுங்கள். தளவிளைவு எந்தத் திசை, ஸ்கேன் எந்தத் திசை என்பதெல்லாம் இந்த அம்பை வைத்துத்தான் எழுதப்போகிறோம்.

4. லேசரைச் சூடேற விடுதல்

லேசரைப் போட்டுக் குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் இரண்டு மணி நேரம் காத்திருங்கள். உள்ளே வெப்பம் நிலைக்கும் வரை கற்றை கொஞ்சம் கொஞ்சமாக நகரும், திறனும் மாறும். காலையில் அளந்த எண் மதியம் பொய்யாகிவிடும்.

டர்பனில் சில்லரின் (லேசரைக் குளிர்விக்கும் கருவி) வெப்பநிலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோடையில் அறை 28 பாகை, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், 24 பாகைக்குக் கீழே போகும் எந்தப் பொருளின் மேலும் பனி படியும். சில்லரை 20இல் வைத்துவிட்டு அறையின் ஏ.சி.யை அணைத்தால் ஒளிக்கருவிகளின் மேலேயே நீர் கோக்கும். முதலில் ஏ.சி., ஈரப்பதம் இறங்கியதும் சில்லர், அப்புறம் லேசர். அணைக்கும்போது இதன் தலைகீழ் வரிசை.

மின்வெட்டு இருக்கும் நாள்களில் அதன் அட்டவணையையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். 2023இல் ஒரே நாளில் பல முறை மின்சாரம் போனபோது நாங்கள் கற்றுக்கொண்டது இது: மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. சூடேற விட்டு, 5ஆம் படியை மறுபடி செய்துவிட்டுத்தான் தொடர வேண்டும்.

5. தகட்டில் படும் ஆற்றலை அளத்தல்

லேசரின் திரையில் காட்டும் திறன் லேசரின் வாயில் இருப்பது. அங்கிருந்து தகடு வரை ஏழெட்டு கண்ணாடிகள், போலரைசர், ஸ்கேனர், லென்ஸ் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. பவர் மீட்டரை லென்ஸுக்குப் பிறகு, தகடு இருக்கப்போகும் இடத்தில் வைத்து அளப்பதுதான் கணக்கு.

ஆனால் ஃபோகஸ் விழும் இடத்திலேயே வைக்காதீர்கள். மீட்டரின் முகம் பொசுங்கிவிடும். 100 மி.மீ. லென்ஸ் என்றால் ஃபோகஸுக்கு 5 செ.மீ. கீழே வையுங்கள். அங்கே கற்றை சில மில்லிமீட்டர் விரிந்திருக்கும், மீட்டர் தாங்கும், திறனோ அதேதான்.

ஆற்றலைக் கூட்டிக் குறைக்க லேசரின் உள் மின்னோட்டத்தைத் தொடவே வேண்டாம். அதை மாற்றினால் துடிப்பின் நீளமும் கற்றையின் வடிவமும் சேர்ந்தே மாறும். ஒன்றை மாற்றினோம் என்று நினைத்திருப்போம், மூன்று மாறியிருக்கும். லேசரை ஒரே நிலையில் ஓடவிட்டு, அரை அலைத் தகட்டைச் சுற்றி, போலரைசர் வழியாகப் போகும் பங்கை மாற்றுங்கள். அரை அலைத் தகட்டை 45 பாகை சுற்றினால் உச்சத்திலிருந்து அடிமட்டத்துக்கு வந்துவிடும். 5 பாகைக்கு ஒரு முறை அளந்து ஒரு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

சராசரித் திறனை நொடிக்கான துடிப்பு எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு துடிப்பின் ஆற்றல். நொடிக்கு 1 லட்சம் துடிப்பில் 100 மில்லிவாட் என்றால் 1 மைக்ரோஜூல். எளிய வகுத்தல்தான். ஆனால் துடிப்பு எண்ணிக்கையை நேற்று யாரோ மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள், திரையைப் பார்க்காமல் பழைய எண்ணால் வகுத்துவிடுவோம். அளக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

6. தளவிளைவுத் திசையை உறுதி செய்தல்

உலோகத்தில் இந்த அலைவரிகள், ஒளியின் மின்புலம் அசையும் திசைக்குச் செங்குத்தாக ஓடும். ஆகவே வரி எந்தப் பக்கம் வேண்டுமோ, மின்புலத்தை அதற்கு 90 பாகையில் வைக்க வேண்டும்.

இரண்டாவது அரை அலைத் தகட்டை 10 பாகை திருப்பினால் தளவிளைவு 20 பாகை திரும்பும். 45க்கு 90. இதை மறந்து 90 பாகை திருப்பிவிட்டு, வரியின் திசை ஏன் மாறவில்லை என்று நான் இரண்டு நாள் தேடியிருக்கிறேன். 90 திருப்பினால் தளவிளைவு 180 திரும்பி, புறப்பட்ட திசைக்கே வந்து நிற்கும்.

லென்ஸுக்குக் கீழே ஒரு போலரைசரைப் பிடித்துச் சுற்றி, மிகக் குறைந்த ஒளியையும் மிக அதிக ஒளியையும் அளந்து பாருங்கள். குறைந்தது அதிகத்தில் 2 சதவீதத்தைத் தாண்டினால், வழியில் ஏதோ ஒரு கண்ணாடி தளவிளைவைக் கலைக்கிறது. தளவிளைவு கிடையாகவோ நெடுக்காகவோ இல்லாமல் சாய்வாக வந்து விழும் கண்ணாடிகளில் இது அடிக்கடி நடக்கும். கலைந்த தளவிளைவில் வரிகள் துண்டு துண்டாக வரும், எவ்வளவு ஆற்றல் மாற்றினாலும் நேராகாது.

7. ஃபோகஸைக் கண்டுபிடித்தல்

புதியவர்கள் பொறி எங்கே பிரகாசமாகத் தெரிகிறதோ அதுவே ஃபோகஸ் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் பொறி ஏமாற்றும். குறியின் அளவும் ஏமாற்றும், ஏனென்றால் ஆற்றல் அதிகமாக இருந்தால் ஃபோகஸை விட்டு விலகிய இடத்தில்தான் குறி பெரிதாக விழும்.

நம்பிக்கையான வழி ஒன்று உண்டு. ஆற்றலைக் குறைத்துக் குறைத்து, குறி விழுவதும் விழாததுமான அளவுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது மேடையின் உயரத்தை 0.1 மி.மீ. படிகளாக மாற்றி, ஒவ்வொரு உயரத்திலும் புது இடத்தில் 50 துடிப்பு விடுங்கள். சில உயரங்களில் மட்டும் குறி இருக்கும். முதலில் குறி தெரிந்த உயரத்துக்கும் கடைசியாகத் தெரிந்த உயரத்துக்கும் நடுப்புள்ளிதான் ஃபோகஸ். கற்றை மேலும் கீழும் ஒரே மாதிரி விரிவதால் இந்த நடுப்புள்ளி ஏமாற்றாது.

பிறகு தகட்டின் நான்கு மூலையிலும் இதையே செய்யுங்கள். நம் லென்ஸில் ஃபோகஸிலிருந்து ஏறத்தாழ 0.7 மி.மீ. விலகினால் புள்ளியின் பரப்பு இரண்டு மடங்காகி, ஆற்றல் செறிவு பாதியாகிவிடும். நான்கு மூலைகளுக்கும் உள்ள வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் வரும் வரை தகட்டைச் சமன் செய்யுங்கள். ஒரு பக்கம் அழகாகவும் மறுபக்கம் வெறுமையாகவும் வரும் தகடுகளுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

8. புள்ளியின் ஆரமும் தொடக்க வரம்பும்

எல்லாப் படிகளிலும் எனக்கு மிக முக்கியமானது இது. பெரும்பாலோர் தாண்டிப் போவதும் இதைத்தான். புள்ளியின் ஆரத்தை லென்ஸ் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். ஆற்றல் செறிவில் ஆரத்தின் வர்க்கம் வருவதால், ஆரத்தில் 20 சதவீதப் பிழை செறிவில் 40 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

இங்கேதான் சிலிக்கான் துண்டு உதவுகிறது. புள்ளியின் ஆரம் லேசருக்கும் லென்ஸுக்கும் உரியது, கீழே என்ன உலோகம் இருந்தாலும் மாறாது. சிலிக்கானில் குறியின் விளிம்பு தெளிவாக விழும், எவர்சில்வரில் மங்கும். ஆகவே ஆரத்தைச் சிலிக்கானில் அளந்துகொள்வோம்.

துடிப்புகளை நொடிக்கு 1,000ஆகக் குறைத்து, ஸ்கேனரை நொடிக்கு 100 மி.மீ. வேகத்தில் ஓட்டினால், 100 மைக்ரோமீட்டருக்கு ஒரு துடிப்பு தனித்தனியாக விழும். துடிப்பு எண்ணிக்கையை மாற்றியதால் ஆற்றலை மறுபடி அளந்துகொள்ளுங்கள். குறியே விழாத ஆற்றலில் தொடங்கி 7 மைக்ரோஜூல் வரை பத்துப் படிகள், ஒவ்வொன்றிலும் ஐந்து குறிகள். நுண்ணோக்கியில் ஒவ்வொன்றின் விட்டத்தையும் அளந்து சராசரி எடுங்கள்.

இனி வரைபடம். கிடை அச்சில் ஆற்றலின் இயல் மடக்கை (ln), நிலை அச்சில் விட்டத்தின் வர்க்கம். புள்ளிகள் நேர்கோட்டில் விழ வேண்டும். அந்தக் கோட்டின் சாய்வு, ஆரத்தின் வர்க்கத்தைப் போல் இரண்டு மடங்கு. சாய்வு 450 சதுர மைக்ரோமீட்டர் என்றால் வர்க்கம் 225, ஆரம் 15 மைக்ரோமீட்டர். கோடு கிடை அச்சைத் தொடும் இடம்தான் தொடக்க வரம்பு ஆற்றல்: அதற்குக் கீழே கண்ணுக்குத் தெரியும் குறி விழாது.

உச்ச ஆற்றல் செறிவு = 2 × துடிப்பின் ஆற்றல் ÷ (3.14 × ஆரத்தின் வர்க்கம்). 1 மைக்ரோஜூல், 15 மைக்ரோமீட்டர் என்றால் சதுர செ.மீ.க்கு 0.28 ஜூல்.

இதில் மூன்று பிழைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இயல் மடக்கைக்குப் பதில் 10 அடி மடக்கையைப் போட்டுவிடுவது: சாய்வு 2.3 மடங்கு ஏறி, ஆரம் ஒன்றரை மடங்காகிவிடும். விட்டத்துக்குப் பதில் ஆரத்தை வரைவது. சூத்திரத்தின் முன்னால் உள்ள 2ஐ விட்டுவிடுவது: அப்போது கிடைப்பது சராசரிச் செறிவு, உச்சச் செறிவு அதைப் போல் இரண்டு மடங்கு. வேறொருவரின் எண்ணோடு ஒப்பிடும் முன், அவர் எதைக் குறிப்பிடுகிறார் என்று பாருங்கள்.

கடைசியாக எவர்சில்வருக்கு வாருங்கள். ஒரே இடத்தில் 1, 10, 100 துடிப்புகள் விட்டுத் தொடக்க வரம்பைத் தனித்தனியாகக் கண்டுபிடியுங்கள். துடிப்பு கூடக் கூட வரம்பு இறங்கும். ஒவ்வொரு துடிப்பும் கண்ணுக்குத் தெரியாத சிறு சேதத்தை விட்டுப்போகிறது, அடுத்தது அதன் மேல் ஏறிக்கொள்கிறது. ஒற்றைத் துடிப்பின் வரம்பை வைத்துப் பெரிய பரப்பைத் திட்டமிட்டால் தகடு கறுத்துப்போவது இதனால்தான்.

9. கட்டம் போட்டுச் சோதித்தல்

இப்போது 1 மி.மீ. சதுரங்களாக 25 கட்டங்கள். கிடையாக ஆற்றல்: 0.5, 0.7, 1, 1.4, 2 மைக்ரோஜூல். நெடுக்காக ஒரே இடத்தில் விழும் துடிப்பு எண்ணிக்கை: 10, 20, 40, 80, 160. கோடுகளுக்கு இடையே 6 மைக்ரோமீட்டரை மாற்றாமல் வைத்து, வேகத்தை மட்டும் மாற்றுங்கள்.

ஒரே இடத்துக்கான துடிப்பு = 3.14 × ஆரத்தின் வர்க்கம் × நொடிக்கான துடிப்பு ÷ (வேகம் × கோட்டு இடைவெளி). 40 துடிப்பு வேண்டுமென்றால் நொடிக்கு 295 மி.மீ. வேகம், 80க்கு அதில் பாதி, 20க்கு இரண்டு மடங்கு.

கட்டத்தின் ஓரங்களில் ஸ்கேனர் நின்று திரும்பும். அங்கே வேகம் குறைவதால் துடிப்புகள் குவிந்து ஓரம் கறுக்கும். கோட்டுக்கு வெளியே போய் வேகம் பிடித்துவிட்டு உள்ளே வந்ததும் லேசரைத் திறக்கும் வசதி உங்கள் மென்பொருளில் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் ஓரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் கட்டத்தின் நடுவை மட்டும் பாருங்கள்.

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு வரிசையில் நிற்கும் முன் வெறுங்கண்ணால் நிறையத் தெரிந்துகொள்ளலாம். அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். நல்ல அலைவரி இருக்கும் கட்டம் மயில் கழுத்து போல் நிறம் காட்டும். குறைந்த ஆற்றல், குறைந்த துடிப்பு உள்ள கட்டங்கள் வெறும் தகடாகவே இருக்கும். அதிகமானவை மங்கலாகிப் பிறகு கறுக்கும்: அங்கே வரிகள் அழிந்து பெரிய பள்ளங்களும் கூம்புகளும் எழுந்திருக்கும். கறுப்புதான் நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்து அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. நமக்கு வேண்டியது நிறம் காட்டும் கட்டம்.

நிறமும் ஏமாற்றக்கூடும். அதிக வெப்பத்தில் எவர்சில்வர் ஆக்சைடு ஏறி மஞ்சளும் நீலமுமாகும், அடுப்பில் தீய்ந்த பாத்திரத்தின் அடியைப் போல. தகட்டைச் சாய்த்துப் பாருங்கள். சாய்க்கச் சாய்க்க நிறம் பளிச்சென்று ஓடி மாறினால் அலைவரி. பெரும்பாலும் அதே நிறம் அசையாமல் நின்றால் ஆக்சைடு.

அடுத்தது எனக்குப் பிடித்த சோதனை. 1 மில்லிவாட்டுக்கு மேற்படாத பச்சை லேசர் சுட்டியை, 532 நானோமீட்டர், தகட்டின் மேல் நேர்செங்குத்தாக அடியுங்கள். தகட்டிலிருந்து 10 செ.மீ. தூரத்தில், நடுவில் ஓட்டை போட்ட வெள்ளை அட்டையை வைத்து, அந்த ஓட்டை வழியாகக் கற்றையை விடுங்கள். நெருக்கமான வரிகளில் பட்டு ஒளி பிரிந்து விலகும் விளிம்பு விளைவால் அட்டையில் இரு பக்கமும் ஒவ்வொரு புள்ளி விழும். வரிகளின் இடைவெளி 900 நானோமீட்டர் என்றால் புள்ளிகள் ஓட்டையிலிருந்து 7.3 செ.மீ. தள்ளி இருக்கும், அதாவது 36 பாகை. இரு புள்ளிகளையும் சேர்க்கும் கோடு தளவிளைவின் திசையையும் காட்டிவிடும். 6ஆம் படியில் பிழை இருந்தால் இங்கே அகப்பட்டுக்கொள்ளும். புள்ளி கூர்மையாக இருந்தால் வரிகள் ஒழுங்கானவை. வில் போல் வளைந்து பரவினால் திசை சிதறியிருக்கிறது.

நிறமே காட்டாத கட்டத்தில் ஒன்றுமில்லை என்று தள்ளிவிடாதீர்கள். பதிக்கும் லேசரின் அலைநீளத்தில் பாதிக்கும் குறைவான இடைவெளி உள்ள மிக நுண்ணிய வரிகள் இருக்கலாம். அவை பெரும்பாலும் கண்ணுக்கு நிறம் காட்டா, எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் தெரியும்.

10. பெரிய பரப்பு

தேர்ந்தெடுத்த கட்டத்தின் எண்களை அப்படியே எடுத்து 10 மி.மீ. சதுரத்துக்குப் போங்கள். 1 மைக்ரோஜூல், 40 துடிப்பு, 6 மைக்ரோமீட்டர் இடைவெளி என்றால் சுமார் 1,670 கோடுகள், திரும்பும் நேரத்தை விட்டால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அவசரப்பட்டு நொடிக்கான துடிப்புகளை ஏற்ற வேண்டாம். முந்தைய துடிப்பின் வெப்பம் ஆறும் முன் அடுத்தது வந்தால் உலோகம் உருகி வரிகள் வழிந்துவிடும்.

காற்றோட்டத்தின் திசையைப் பாருங்கள். புகை, முடிந்த பகுதியின் மேல் போகட்டும், இனி செய்யப்போகும் பகுதியின் மேல் போகக் கூடாது. அதாவது கோடுகள் காற்றை எதிர்த்து முன்னேற வேண்டும். முடிந்த பகுதியில் படியும் தூளைக் கழுவிவிடலாம். செய்யாத பகுதியில் படிந்தால் அடுத்த துடிப்பைச் சிதறடித்துப் புள்ளிப் புள்ளியாகக் கெடுக்கும்.

11. கழுவுதலும் நுண்ணோக்கியும்

எத்தனாலில் 5 நிமிடம் அல்ட்ராசோனிக், நைட்ரஜன் ஊதல், அவ்வளவுதான். துணியாலோ திசுத்தாளாலோ துடைக்கக் கூடாது. வரிகளின் ஆழம் பெரும்பாலும் சில நூறு நானோமீட்டர்தான், ஒரு துடைப்பில் முனைகள் மழுங்கும். விரல் எண்ணெய் பட்டால் அடுத்த படியின் அளவீடு முழுக்க வீண்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மூன்று அளவுகளில் படம் எடுங்கள்: கட்டம் முழுவதும், 50 மைக்ரோமீட்டர் அகலம், 10 மைக்ரோமீட்டர் அகலம். நெருக்கப் படம் மட்டும் எடுத்தால் எந்தத் தகடும் அழகாகத் தெரியும். ஒழுங்கு இருக்கிறதா என்பது நடு அளவில்தான் தெரியும். அம்புக்குறியைப் பார்த்து ஒரே திசையில் மேடையில் ஒட்டுங்கள். இடைவெளியைக் கண்ணால் எண்ணாமல் கிவிடியன் அல்லது இமேஜ்ஜே மென்பொருளில் ஃபூரியர் உருமாற்றம் (படத்தில் திரும்பத் திரும்ப வரும் இடைவெளியைக் கணக்கிடும் முறை) செய்து எடுங்கள், இரண்டு மென்பொருளும் இலவசம்.

12. நீர்த்துளி அளவீடு

பலர் இந்த வேலைக்கு வருவதே நீர் ஒட்டாத பரப்புக்காகத்தான். வீட்டுத் தோட்டத்தில் மடும்பி இலையில் மழைத்துளி உருண்டோடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தமிழ்நாட்டில் சேப்பங்கிழங்கு இலை என்பார்கள். அதே மாதிரி தகட்டிலும் துளி உருளும் என்று எதிர்பார்த்து, லேசர் முடிந்ததும் ஒரு துளி விடுவார்கள். துளி பரவிப் படிந்துவிடும். முகம் வாடிவிடும்.

அது தோல்வியில்லை. புதிதாக லேசர் பட்ட உலோகம் நீரை விரும்பும். காற்றில் இருக்கும் கரிமப் பொருள்கள் மெல்ல மெல்ல மேலே படிந்த பிறகு, சில நாள்களிலிருந்து சில வாரங்களில், அதே பரப்பு நீரைத் தள்ளத் தொடங்கும். ஆகவே துளியின் விளிம்பு தகட்டைத் தொடும் கோணத்தை முதல் நாள், 3, 7, 14, 28 என்று நாள் போட்டு அளந்து வாருங்கள். நாள் எழுதாத கோணத்தை யாரோடும் ஒப்பிட முடியாது.

எதில் வைத்தீர்கள் என்பதும் முக்கியம். பிளாஸ்டிக் பையில் வைத்த தகடும் கண்ணாடிப் புட்டியில் வைத்ததும் வேறு வேறு வேகத்தில் மாறும், ஏனென்றால் பையிலிருந்தே ஆவி கிளம்பிப் படிகிறது. டர்பன் கடற்கரைக் காற்றில் வைத்ததைப் பிரிட்டோரியாவின் வறண்ட மேட்டுக் காற்றில் வைத்ததோடு நேராக ஒப்பிடாதீர்கள். தகடுகளில் பாதியை ஒரே மாதிரிக் கண்ணாடிப் புட்டிகளில் மூடி, புட்டியின் மேல் தேதி, வெப்பநிலை, ஈரப்பதம் எழுதி வையுங்கள்.

13. வேறு பொருளுக்குப் போகும்போது

டைட்டானியத்துக்கு இதே வரிசை அப்படியே பொருந்தும், எவர்சில்வர் கைவந்தவர்கள் அடுத்ததாக அதை எடுக்கலாம். செம்பும் தங்கமும் வெப்பத்தை வேகமாகக் கடத்திவிடுவதால் ஒழுங்கான வரி வருவது கடினம், முதல் பொருளாக வேண்டாம். கண்ணாடி வகைகளில் தொடக்க வரம்பு உலோகத்தைவிடப் பல மடங்கு அதிகம். வரிகள் தளவிளைவுக்கு இணையாகவும் வரலாம், செங்குத்தாகவும் வரலாம். எந்தப் பொருளானாலும் 5ஆம் படியின் அட்டவணையை அன்றைக்கே புதிதாக எழுதி, 8ஆம் படியில் தொடக்க வரம்பை மறுபடி கண்டுபிடியுங்கள். ஆரத்தை மட்டும், லென்ஸைத் தொடாதவரை, பழைய பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.